எத்தனை சுற்றில்?

அவரிடம் யாரும் ஒரு சேதியைப் பாதியாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒருநாள் மோட்டார் விற்க மதராஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். முதலாளியின் மேசைமேல் வண்ணப் படங்கள் போட்ட புத்தகத்தை விரித்து, "அம்பது குதிரைத்திறன் சார். உங்க டிரம்மெல்லாம் பம்பரமாச் சுத்தும்" என்றார். முதலாளி தலையாட்டினார். கதவை ஒட்டி நின்றிருந்த எஞ்சின் ரூம்காரர் மெதுவாகக் கேட்டார்.

"எத்தன சுத்துல?"

"இன்னா சார்?"

"நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்தறப்ப அம்பது?"

வந்தவர் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். இவர் அவசரப்படாமல் காத்திருந்தார். பிறகு தானே சொன்னார்.

"அம்பதுன்றது பாதி சேதிங்க. வேகமாச் சுத்தியும் அம்பது வரும், மெதுவாச் சுத்திக் கனமா இழுத்தும் அம்பது வரும். எங்க டிரம் பம்பரம் இல்ல. நிமிஷத்துக்குப் பத்து சுத்து சுத்தினா ஜாஸ்தி. ஆனா தண்ணியும் தோலுமா உள்ள டன் கணக்குல கெடக்கும். எங்களுக்கு வேகம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, இழுவ வேணும்."

மோட்டார்க்காரர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவர வெச்சிக்கிட்டு எதையும் வாங்க முடியாதும்மா. வாங்கினா ஏமாற முடியாது."

விமானப்படையில் பதினைந்து வருடம் எஞ்சின் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்தவர். காட்பாடிப் பக்கத்து ஆள். முதலில் பிஸ்டன் எஞ்சின் வைத்த பழைய விமானங்கள், பிறகு சூடான காற்றால் சக்கரம் சுழல்கிற டர்பைன் வைத்த புதியவை என்று இரண்டிலும் கைவைத்தவர். தொழிற்சாலையில் எல்லோரும் அவரை ஏர்ஃபோர்ஸ்காரர் என்றே சொன்னார்கள். நான் சார் என்பேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஆனாலும் என்னை டைப்பிஸ்டம்மா என்றுதான் கூப்பிடுவார். காக்கிச் சட்டை, கழுத்துவரை பொத்தான். மனைவி இறந்து பல வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. இதைக்கூட அவர் சொல்லி எனக்குத் தெரியாது. சம்பளப் பதிவேட்டில் 'வாரிசு' என்ற இடத்தில் கோடு போட்டிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மின்வெட்டுக் காலம் அது. வாரத்தில் பாதி நாள் கரண்ட் இருக்காது. டிரம் கூடத்தின் கூரையடியில் நீளமாக ஓர் இரும்புத் தண்டு ஓடும். அதை லைன் ஷாஃப்ட் என்பார்கள். அதிலிருந்து தட்டையான தோல் பெல்ட்டுகள் இறங்கி, ஆறு மர டிரம்களையும் சுழற்றும். கரண்ட் இல்லாதபோது அந்தத் தண்டை இழுப்பது ஒரு பழைய டீசல் எஞ்சின். அதன் ஃப்ளைவீல், அந்தக் கனத்த இரும்புச் சக்கரம், என்னைவிட உயரம். தோல் பாதி பதத்தில் நின்றுபோனால் அழுகும். ஆகவே அந்த எஞ்சின்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு. அதைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

மாதாமாதம் எஞ்சினைப் பற்றி ஓர் அறிக்கை சொல்லுவார், நான் தட்டச்சு செய்வேன். ஒருமுறை அவர் சொல்வதற்குள் நானே 'எஞ்சின் நன்றாக ஓடுகிறது' என்று அடித்துவிட்டேன். காகிதத்தைக் குனிந்து பார்த்தார்.

"நன்றாகன்னா இன்னாம்மா?"

"நல்லாத்தானே சார் ஓடுது?"

"மூணாவது சிலிண்டர் புகையுது. நாலு டிரம் வரைக்கும் இழுக்குது, அஞ்சாவது போட்டா மொனகுது. அத எழுதுங்க. நன்றாகன்னு எழுதிட்டா, நாளைக்கு அது நின்னுச்சுன்னா நம்ம ரெண்டு பேரும் பொய் சொன்னதா ஆய்டும்."

முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. அடித்து முடித்ததும் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "நகல் எடுத்தீங்களா?" கார்பன் நகல் இல்லாமல் எந்தக் காகிதத்தையும் விடமாட்டார்.

மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். டிரம் கூடத்தில் ஏழுமலை என்று ஓர் ஆள் இருந்தான். கலவை என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம். ஈரத்தோலைத் தோளில் போட்டு டிரம்மில் ஏற்றுகிற வேலை. அவனுக்குப் பெண் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள் விசாரிக்க வந்தபோது, மரியாதையான ஆள் என்று இவரிடம் கேட்டார்கள், பையன் எப்படி என்று. நான் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"எந்த விஷயத்துல கேக்கறீங்க?" என்றார்.

"எல்லா விஷயத்துலயுந்தான்" என்றார் பெண்ணின் அப்பா.

"குடிக்க மாட்டான். வேலைக்கு மட்டம் போட மாட்டான். கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டான், ஆனா கை நீட்ட மாட்டான். அவசரக்காரன். சுத்திப் போற வழி இருந்தா குறுக்கால தாண்டிப் போவான். அது ஒண்ணுதான்."

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கல்யாணம் நின்றுபோகும் என்று ஏழுமலை இரண்டு நாள் இவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. குறையையும் சேர்த்துச் சொன்ன ஆள் சொன்னால் நிறையும் நிஜமாகத்தான் இருக்கும் என்றாராம் பெண்ணின் அப்பா. ஏழுமலை பத்திரிகையை முதலில் வைத்தது இவருக்குத்தான்.

எழுதும்போது எனக்கே தோன்றுகிறது, இப்படிப்பட்டவரோடு பழகுவது இதமாக இருந்தது என்று சொல்ல முடியாது. பேச வாயெடுத்தாலே கொஞ்சம் பயம். ஆனால் என் அப்பாவுக்குக் கண் மங்கி, குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தறி நின்றுபோன வருடம், "எப்படி இருக்கார் அப்பா?" என்று கேட்டவர்கள் பலர். "பகல்ல எவ்வளவு தூரம் தெரியுது? விளக்கு வெளிச்சத்துல நூல் தெரியுதா?" என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். நான் முதன்முதலாக முழுவதையும் சொன்னேன். இரண்டு தங்கைகள், நின்றுபோன தறி, என் சம்பளம் ஒன்றுதான் என்பது எல்லாம். கேட்டுக்கொண்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய டீசல் எஞ்சின் இனித் தாங்காது என்று ஆனபோதுதான் அந்த டர்பைன் வந்தது.

முதலாளியின் நண்பர் ஒருவர், ராணுவத் தளவாட ஏலத்தில் எடுத்த வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கித் தந்தார். லாரியில் வந்த மூட்டையைப் பிரித்தால் ஒரு பெரிய பால் கேனைப் படுக்க வைத்தாற்போல ஒன்று. நாலு பேர் தூக்கிக் கீழே வைத்துவிட்டார்கள். டீசல் எஞ்சினை நகர்த்த வேண்டுமானால் கிரேன் வேண்டும். "நூத்தம்பது குதிரைத்திறன்! அந்த யானைக்கும் நூத்தம்பதுதான்" என்று முதலாளி அதைத் தட்டிக் காட்டினார். கூடத்தில் வேலை நின்றுபோய் எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

அவர் அதன் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாகமாகத் துணியால் துடைத்தார். பதினைந்து வருடம் பழகிய ஒருவரை எதிர்பாராத இடத்தில் பார்த்ததுபோல இருந்தது அவர் முகம். ஒரு வாரம் அதனோடேயே இருந்தார். பிறகு என்னிடம் வந்து, முதலாளிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும், தமிழிலேயே அடியுங்கள் என்றார். தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் அடிக்க ஒரு தமிழ் டைப்ரைட்டர் அலுவலகத்தில் இருந்தது.

மூன்று பக்கம் வந்தது. முறுக்கு என்று அவர் சொன்னபோது எனக்குத் தின்கிற முறுக்கு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். "சிரிங்க. ஆனா அதான் வார்த்த" என்றார். முறுக்கு விசை என்று அடித்தேன்.

அந்தக் குறிப்பு இன்றும் எனக்கு மனப்பாடம். இரண்டு எஞ்சினுக்கும் திறன் ஒன்றுதான், நூற்றைம்பது. டீசல் அதை நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றில் தருகிறது. டர்பைனின் சக்கரம் இருபத்தையாயிரம் சுற்றில் தருகிறது. ஐம்பது மடங்கு வேகம், ஆகவே அதன் சொந்தத் தண்டில் முறுக்கு விசை ஐம்பதில் ஒரு பங்கு. சைக்கிள் பின்சக்கரத்து நட்டை ஸ்பேனரால் இறுக்குகிற பலம், அவ்வளவுதான். கியர்பெட்டி வைத்து வேகத்தைக் குறைத்தால் அந்த முறுக்கு ஐம்பது மடங்காகி டீசலுக்குச் சமமாகும்.

அடித்துக்கொண்டே கேட்டேன். "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"சீரா ஓடறப்ப ஒண்ணு. கனத்தப் போடறப்பவும் கனத்த எடுக்கறப்பவும் வேற வேற."

அதையும் எழுதச் சொன்னார். டர்பைனைக் குறை சொல்வார் என்று நினைத்தேன். மாறாக அதைப் புகழ்ந்து ஒரு முழுப் பத்தி. இந்த டர்பைனில் இரண்டு சக்கரங்கள் தனித்தனித் தண்டுகளில் இருக்கின்றன. முன்சக்கரம் காற்றை அழுத்த மட்டும். பின்சக்கரம்தான் வேலை செய்வது. இரண்டுக்கும் நடுவில் சூடான காற்று ஒன்றைத் தவிர வேறு பிணைப்பு இல்லை. ஆகவே டிரம் கனத்தில் நின்றுபோனாலும் முன்சக்கரம் ஓடிக்கொண்டேயிருக்கும். பின்சக்கரத்தின்மேல் காற்று மோதிக்கொண்டேயிருக்கும். நின்ற நிலையில்தான் அதற்கு முறுக்கு அதிகம், ஓடும்போது இருப்பதைப்போல இரு மடங்கு. டீசலால் அது முடியாது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் டீசல் அணைந்துவிடும்.

மூன்றாம் பக்கம்தான் எச்சரிக்கை. கனம் திடீரென்று விடுபட்டால், அதாவது பெல்ட் அறுந்தால், டீசலின் பெரிய ஃப்ளைவீல் வேகம் ஏற நேரம் எடுக்கும். அதற்குள் கவர்னர் என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எரிஎண்ணெயைக் குறைத்துவிடும். டர்பைனின் பின்சக்கரம் உள்ளங்கைகள் இரண்டு சேர்ந்த அளவுதான். பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாவிட்டால் கண் இமைப்பதற்குள் வேகம் எல்லை தாண்டும், சக்கரம் தெறிக்கும். இதற்காகவே வேகம் மீறினால் எண்ணெயைத் தானாக அடைக்கும் ஒரு கருவி உண்டு. ஏலத்தில் வந்த இந்த இயந்திரத்தில் அதைக் கழற்றி எடுத்துவிட்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை பெல்ட் போட்டு ஓட்டக்கூடாது. டீசல் எஞ்சின் ஒருபோதும் இப்படிக் கைமீறாது.

முதலாளி குறிப்பைப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கருவிக்காக மூன்று இடங்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார், நான்தான் அடித்தேன். எங்கும் கிடைக்கவில்லை. டீசல் எஞ்சின் ஒருநாள் மொத்தமாகப் படுத்தது. தோல் வாங்குகிறவர்கள் வந்து பார்க்கிற நாளும் குறித்தாகிவிட்டது.

"ஒரு நாள் மட்டும்" என்றார் முதலாளி. "எண்ணெ வால்வுல நீங்க கை வெச்சிட்டே இருங்க. உங்க கைய விட எந்தக் கருவி பெருசு? ஆறு டிரம்ல தோல் கெடக்குது. பேஜார் பண்ணாதீங்க."

அவர் டர்பைன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மணல் மூட்ட வேணும்" என்றார்.

அன்று காலையில் சுண்ணாம்பு கரைத்து அவரே கோடு போட்டார். சக்கரம் தெறித்தால் அது சுழல்கிற திசையில் பக்கவாட்டில்தான் போகும் என்பதால், இயந்திரத்தின் இரண்டு பக்கமும் சுவர்வரை இரண்டிரண்டு வெள்ளைக் கோடுகள். நடுவில் யாரும் வரக்கூடாது. கிடைத்த மணல் மூட்டைகளை இருபக்கமும் அடுக்கினார். ஒரு வரிசை குறைந்தது. கூடத்து ஆட்களை நிற்க வைத்து, ஒவ்வொருவரிடமும் கோட்டைக் காட்டிச் சொன்னார். ஏழுமலையிடம் இரண்டு முறை சொன்னார்.

ஓட்டினார். நான் அலுவலக வாசலிலிருந்து பார்த்தேன். டீசல் எஞ்சின் ஒவ்வொரு டிரம்மையும் எடுக்கும்போது முக்கும், பெல்ட் வழுக்கும், கூரை அதிரும். இது சீழ்க்கை மாதிரி ஒரே ஒலி. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு டிரம்களும் தூக்கத்திலிருந்து எழுந்ததுபோலச் சுழன்றன. வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். முதலாளி அவர் தோளில் கை வைத்தார். அவர் ஒரு கையை வால்வில் வைத்தபடி தலையைச் சற்றுச் சாய்த்து அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். பிரதான பெல்ட்டின் தையல் விட்டது. பெல்ட் பாம்பைப்போல் எகிறித் தரையில் விழுந்தது. சீழ்க்கை ஒலி அப்படியே மேலே ஏறியது. காதுக்குள் ஊசி இறங்கியது. அவர் கை வால்வைத் திருகிவிட்டது, அதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் தகரத்தில் பாறை விழுந்ததுபோல ஒரு சத்தம். பிறகு ஏழுமலையின் அலறல்.

தோளில் ஈரத்தோலோடு அவன் குறுக்கே தாண்டியிருந்தான். சுற்றிப்போனால் இருபது அடி.

அவர்தான் முதலில் ஓடினார். தன் சட்டையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார். வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகிற வழியெல்லாம் கட்டிலிருந்து கையை எடுக்கவேயில்லையாம். ஏழுமலை பிழைத்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. தூங்கியிருக்கமாட்டார். 'இயந்திரத்தை இயக்கியவரின் கவனக்குறைவால்' என்று அவர் சொல்ல, நான் அடித்தேன். பிறகு, "அந்த மூணு பக்கம் ஃபைல்ல இருக்க வேணாம்மா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். என் எதிரிலேயே கிழித்தார். கார்பன் நகல் என் இழுப்பறையில் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மாலை அதை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து, குடியாத்தம் ரயிலில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுபோனேன். பெட்டியில் புடவைக்குக் கீழே வைத்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கொடுக்கிற தைரியமும் இல்லை, கிழிக்கிற தைரியமும் இல்லை.

மறுநாள் கையெழுத்துப் போட ஏர்ஃபோர்ஸ்காரர் வந்தார். நானும் அறையில் இருந்தேன். காகிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தார். கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். எந்தக் கவனக்குறைவு, எத்தனை மணிக்கு, கை எங்கே இருந்தது? ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். ஒரு வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் போனதை அன்றுதான் பார்த்தேன்.

வாசலில் என்னைத் தாண்டும்போது நின்றார். நகல் எங்கே என்று கேட்பார் என்று நினைத்தேன். "அப்பாவுக்குக் கண்ணு எப்படி இருக்குது?" என்றார். அந்த வாரமே வேலையைவிட்டுப் போய்விட்டார்.

ஏழு வருடங்கள் போயின. அப்பா காலமானார். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. நான் வேலூரில் வேறு வேலைக்கு மாறினேன். பயப்படுவதற்குக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தபின் அந்தக் காகிதம் மட்டும் இருந்தது. பழைய டிரம் கூடத்து ஆள் ஒருவர் பஸ்ஸில் சொன்னார், ஏர்ஃபோர்ஸ்காரர் கலவைக்குப் பக்கத்தில் ஒரு நெல் அரவை மில்லில் எஞ்சின் பார்க்கிறார் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மில் வாசலில் நெல் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து எழ முயன்றான். பக்கத்தில் ஊன்றுகோல்.

"டைப்பிஸ்டம்மாவா? இன்னாம்மா இவ்ளோ தூரம்?"

ஏழுமலை. அது அவன் ஊர் என்பது அப்போதுதான் உறைத்தது. மில் முதலாளியிடம் பேசி அவனுக்கு இங்கே உட்கார்ந்து செய்கிற வேலை வாங்கித் தந்துவிட்டு, தானும் இங்கேயே வந்துவிட்டார் என்று அவனே சொன்னான்.

எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். அவர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். காக்கிச் சட்டை, கழுத்துவரை பொத்தான். தலை முழுக்க வெள்ளை. மூட்டைமேல் உட்காரச் சொன்னார். நான் காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்தார். என்னிடம் பேனா கேட்டார். கடைசி வரியில் 'ஒருபோதும்' என்பதைக் கோடு போட்டு அடித்து, மேலே 'பெரும்பாலும்' என்று எழுதினார்.

"டீசலும் கைமீறும்மா. உள்ள இருக்கற மசகு எண்ணெயவே குடிச்சி ஓட ஆரம்பிச்சா, நாம எண்ணெய அடைச்சாலும் நிக்காது. போன வருஷம் இங்கயே பாத்தேன். தெரியாம எழுதிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சார், இத அன்னிக்கே குடுத்திருந்தா உங்க மேல பழி வந்திருக்காது. எங்கிட்டதான் இருந்துச்சு. பயந்துகிட்டு ஒளிச்சி வெச்சிட்டேன்."

"தெரியும். நகல் எடுக்காம நீங்க எதையும் அடிக்க மாட்டீங்க."

"ஏன் சார் கேக்கல?"

அவர் காகிதத்தை முழங்கால்மேல் வைத்து மடிப்புகளை நீவினார்.

"கவனக்குறைவுன்னு போட்டிருந்தாங்க. அது சரியில்ல. நான் கவனமாத்தான் ஓட்டுனேன். ஆனா தெரிஞ்சி ஓட்டுனேன். இந்தக் காகிதம் அதத்தாம்மா சொல்லுது. இத எடுத்துக் காட்டியிருந்தா, கவனக்குறைவ அடிச்சிட்டு அத விட மோசமா ஒண்ண எழுதியிருக்கணும்."

"முதலாளி சொல்லித்தானே சார்…"

"அவர் சொன்னார். கை யாரோடது?" தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். மூணு பக்கம் சொன்னேன், அந்த ஒரு வார்த்த சொல்லல. எனக்கு அது ஓடணும்னு ஆசம்மா. அந்தச் சத்தத்தத் திரும்பக் கேக்கணும்னு ஆச. அத இதுல எழுதல பாருங்க."

சாக்கு தைத்துக்கொண்டிருந்த ஏழுமலை தலையைத் தூக்காமலே சொன்னான். "எத்தினி வாட்டி சொல்லிட்டேன், கோட்டத் தாண்டுனது நானுன்னு. கேக்க மாட்டேன்றாரும்மா."

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

காகிதத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் தங்கைகளைப் பற்றிக் கேட்டார். யார், எந்த ஊர், மாப்பிள்ளைகள் என்ன வேலை என்று முழுசாக. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ் நிற்கும் இடம்வரை ஏழுமலை ஊன்றுகோலோடு கூட வந்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கூப்பிடு தூரம்தான்.

"அவுரு இன்னும் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணல பாத்தீங்களா?" என்றான். திரும்பிப் பார்த்தேன். மில் வாசலில் நெல்லோடு நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். அவர் வாசற்படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் இப்டித்தாம்மா. நான் எங்க உக்காந்திருக்கேன்னு வெளிய வந்து பாத்துட்டுத்தான் உள்ள போய் எஞ்சினத் தொடுவாரு. ஏழு வருஷமா. வெறும் நெல்லு மிஷினும்மா இது. சொன்னா கோவிச்சிக்கறாரு."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஏழுமலை திரும்பி மெல்ல நடந்துபோனான். ஒரு பெண் ஏதோ சொல்லி அவசரப்படுத்தினாள் போலிருக்கிறது, அவர் அசையவில்லை. அவன் மூட்டைகளை அடைந்து, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்து, உட்கார்ந்து, கையைத் தூக்கிக் காட்டினான். அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே போனார்.